பூசணி வராத கூட்டம்

இன்னும் பூசணி வரவில்லை. அத்தான் எழுந்து மைக்கைத் தட்டிப் பார்த்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, காலம் என்றால் என்ன என்று எல்லோரையும் கேட்டு, யாரும் வாயைத் திறக்காததால் தானே பதிலும் சொல்லியாகிவிட்டது, பூசணி வரவில்லை. வரமாட்டான். வரமாட்டான் என்றுதான் காலையில் அடுப்படியில் வைத்துச் சொன்னார். அக்கா கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், இன்றைக்கு ஒருநாள் அவனைக் கூட்டத்தில் இழுக்காதீர்கள், பெண் வீட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள் என்று சொன்னாள். அத்தான் பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "என் மாப்ளைக்காக இதுகூடச் செய்ய மாட்டனா" என்று என் தோளில் ஒரு தட்டு தட்டினார். தட்டிய இடம் இன்னும் இருக்கிறது. வலி இல்லை, கைதான் இருக்கிறது, எடுத்த பிறகும் எடுக்காத கை. நூலகத்து மாடி ஹாலில் கடைசிக்கு முந்தின வரிசை, தூணுக்குப் பக்கம், பிளாஸ்டிக் நாற்காலி என் உடம்பு தாங்காமல் காலை அகட்டுகிறது, நான் மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறேன். நாற்காலி உடைந்தால் அதுவும் பூசணிதான். பூசணி என்றால் நான்தான். மேடையில் நிற்கிற பேராசிரியர் குருநாதன் என் அக்கா செண்பகவல்லியின் புருஷன். வாரா வாரம் பத்திரிகையில் பாமரனுக்குப் பிரபஞ்சம் என்று தொடர் எழுதுகிறவர். அணுவையும் அண்டத்தையும் அவர் அழகாக விளக்கிக்கொண்டு போகும்போது ஒன்றும் விளங்காமல் குறுக்கே விழுந்து மடத்தனமாக ஒரு கேள்வி கேட்பானே ஒருத்தன், தடியன், தின்பதைத் தவிர வேறு தெரியாதவன், அவன்தான் தவசிலிங்கம், பைபாஸ் ரோட்டு எடைமேடையில் லாரிகளுக்கு எடை போட்டுச் சீட்டுக் கொடுக்கிறவன். ஆனால் இது இந்த ஹாலில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அத்தானுக்கு, முன்வரிசையில் பச்சைப் பட்டில் உட்கார்ந்திருக்கிற அக்காவுக்கு, எனக்கு. மற்ற எல்லோருக்கும் பூசணி அத்தானின் பேனாவில் பிறந்த பிள்ளை. அப்படியே இருக்கட்டும். இன்னும் ஒரு மணி நேரம், அதற்குள்தான் இருக்கும், அது வரைக்கும் அவன் பிறக்காமல் இருந்தால் போதும், கூட்டம் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போய்க் கேசரி சாப்பிட்டு, எனக்கு ஒரு கல்யாணம் ஆகிவிடும்.

பக்கத்து நாற்காலியில்தான் வேலாயுதம் இருக்கிறார். பெண்ணைப் பெற்றவர், எட்டயபுரம், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், கம்பம் ஏறி ஏறி உள்ளங்கை இரண்டும் மரப்பட்டை மாதிரி. நடைக்கு அந்தப் பக்கம் பெண்கள் வரிசையில் அவருடைய கொழுந்தியாளும், அவளுக்கு அந்தப் பக்கம் அவர் மகள் பொற்கொடியும். கோயிலில் வைத்து, தற்செயலாகச் சந்தித்ததுபோல், பெண்ணைப் பார்க்கச் சொல்வார்கள் அல்லவா, பிடிக்காவிட்டால் யாருக்கும் சங்கடம் இல்லாமல். இவர் கோயில் வேண்டாம், சார் புத்தக வெளியீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார். அத்தானுடைய வாசகர். பைத்தியம் என்றே சொல்லலாம். இந்தச் சம்பந்தம் கிளம்பினதே அதில்தான், குருநாதன் சாருடைய மச்சினனா, அப்போ குடும்பம் எப்படி இருக்கும், அறிவான குடும்பம் என்று. கீழே டீ குடிக்கும்போது கையில் டம்ளரோடு அத்தானிடம் போய், பயந்து பயந்து கேட்டார்: "சார், ஒண்ணு கேக்கணும். அந்தப் பூசணி நெசமாவே ஒரு ஆளா?" அத்தான் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதனால் பார்த்ததற்குச் சமம். கற்பனைதான் என்றார். வேலாயுதம் நிம்மதியாகச் சிரித்தார். "அதான சார். அப்பிடி ஒரு மடையன் ஒலகத்துல இருக்க முடியுமா? இருந்தா அவனுக்குச் சோறு யாரு போடுவா?" நானும் சிரித்தேன். டீ நாக்கைச் சுட்டுவிட்டது, இப்போதும் நாக்கு நுனி சொரசொரவென்று, அதைப் பல்லில் தேய்த்துக்கொண்டே இருக்கிறேன். சோறு யார் போடுகிறார்கள். அக்கா போடுகிறாள். பொற்கொடி இன்னும் சிரிக்கவில்லை. கீழேயும் சிரிக்கவில்லை, மேலேயும் சிரிக்கவில்லை, நகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பள்ளிக்கூட டீச்சர், விரலில் சாக்பீஸ் வெள்ளை இருக்கும் என்று நினைத்தேன், இல்லை, ஞாயிற்றுக்கிழமை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவள் சிரித்தால் எப்படி இருப்பாள், பல் தெரியுமா, சத்தம் வருமா, கையால் மறைப்பாளா, அது ஒன்று தெரிந்தால் மீதி எல்லாம் தெரிந்துவிடும் போல் இருக்கிறது. வேலாயுதம் என் பக்கம் சாய்ந்து, வெற்றிலை வாசத்தோடு, காதுக்குள் கேட்கிறார்: "தம்பி, பூசணி எப்ப வருவான்?" இன்றைக்குக் கொஞ்சம் கனமான விஷயம், அவன் வரமாட்டான் என்று நினைக்கிறேன் என்றேன். "வருவான், வருவான். அவன் இல்லாம சாருக்கு ஓடாது" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டு நிமிர்ந்துவிட்டார்.

பேச்சில் கழுகுமலை வந்துவிட்டது. மலை உச்சியில ஒரு கடிகாரம், அடிவாரத்துல ஒரு கடிகாரம், ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே நேரத்துல முடுக்கினது, என்று அத்தான் சொல்கிறார், ஆனா அடிவாரத்துக் கடிகாரம் மெதுவா ஓடும், ஏன்னா பூமிக்குக் கிட்ட போகப் போகக் காலமே மெதுவாத்தான் ஓடும், கடிகாரத்துல கோளாறு இல்ல, காலம் அப்படி. வித்தியாசம் ரொம்ப ரொம்பக் கொஞ்சம், ஆயுசு முழுக்க உட்கார்ந்திருந்தாலும் கண் இமைக்கிற நேரம்கூட ஆகாது, ஆனா இருக்கு. ஆனா இருக்கு என்று சொல்லி நிறுத்துகிறார். இந்த இடத்தில்தான் அவன் வரவேண்டும். எனக்குத் தெரியும், எந்த இடம் என்று எனக்கு உடம்பே சொல்லும், எடைமேடையில் லாரி ஏறுகிறபோது கீழே இரும்பு லேசாக அமுங்குமே, அந்த மாதிரி. இதே கடிகாரத்தைப் போன வருஷம் எழுதியபோது பூசணி மொட்டைமாடித் தகர அறையில் குடியிருந்தான். மாடியில் இருக்கிறவனுக்குக் காலம் வேகமாக ஓடும் என்று கேட்டதும் தலையைத் தடவிப் பார்த்து, அதான் சார் கீழ் வீட்டுக்காரங்க எல்லாம் இளமையா இருக்காங்க, எனக்கு மட்டும் முடி கொட்டுது, நான் இன்னையிலேருந்து அடுப்படியிலேயே படுத்துக்கிறேன் என்று பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான். ஊரே சிரித்தது. நான் இருப்பது மொட்டைமாடித் தகர அறையில். முடி கொட்டுவது எனக்கு. அடுப்படியில் ஒரு மழைக்காலத்தில் நான் படுத்தேன், தகரம் ஒழுகியதால், அக்காதான் பாய் போட்டாள். இப்போது மேடையில் அந்த இடம் காலியாக இருக்கிறது, அத்தான் ஆனா இருக்கு என்று சொல்லிவிட்டு நிற்கிறார், கழுகுமலைக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் என் அளவுக்கு ஒரு பள்ளம், மின்விசிறி மட்டும் கடகடவென்று. தாண்டிவிட்டார். பரவாயில்லை. தாண்டும்போது கால் கொஞ்சம் இடறியது, வேறு ஒன்றும் இல்லை. வேலாயுதம் கொட்டாவி விட்டு, அதற்கு வெட்கப்பட்டு, பேச்சுக்கு ஏதாவது கேட்கவேண்டும் என்று, தம்பிக்கு வீட்டுல எங்க இருப்பு என்று கேட்கிறார். மாடியில் தனியாக ஒரு அறை என்றேன். "எம்மகளுக்கு மாடின்னா உசுரு. காத்து வரும்பா." சொல்லிவிட்டு நேரே பார்க்கத் தொடங்கிவிட்டார். நான் அந்த வாக்கியத்தை வாயில் வைத்துக்கொண்டேன். காற்று வரும்பா. தகரத்தை மாற்றி ஓடு போடலாம். அவள் பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஒரு சின்ன மேடை கட்டலாம், ஒரு துளசிச் செடி, இல்லை, அவளுக்கு என்ன பிடிக்குமோ. என் சோற்றை என் வீட்டில் நான் தின்பேன், அந்தச் சோற்றை யாரும் பத்திரிகையில் போடமாட்டார்கள்.

மச்சினனைக் கேலி பேசினால் அது குற்றமா, சொல்லுங்கள். அதற்குத்தானே மச்சினன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு மெட்டி போட்டுவிடுவது பெண்ணின் தம்பிதான். அன்றைக்கு எனக்குப் புது வேட்டி, இடுப்பில் நிற்காத வேட்டி, மணவறைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அத்தானின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு விரலில் வெள்ளி மெட்டியை நுழைக்கிறேன், அவர் விரலை மடக்கிக்கொண்டார். நீட்டினார், நுழைக்கப் போனேன், மடக்கிக்கொண்டார். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. வியர்த்து, மெட்டி கைநழுவி உருண்டு, நான் தவழ்ந்து போய் எடுத்து வந்து, மறுபடி அவர் காலை எடுத்து, மறுபடி மடக்கி, அப்பா சிரிக்கிறார், அம்மா சிரிக்கிறாள், அக்கா தலை குனிந்தபடியே தோள் குலுங்கச் சிரிக்கிறாள். கடைசியில் எனக்கு அழுகை வந்ததும் அவரே விரலை நன்றாக நீட்டிக் கொடுத்து, போடு மாப்ளே என்றார். எவ்வளவு அன்பாகச் சொன்னார். அந்த அன்பு பொய் இல்லை, அதுதான் கஷ்டம். பூசணியும் அப்படித்தான் பிறந்தான். அத்தான் எழுதுகிற முறை அது: ராத்திரிச் சாப்பாட்டில், நான் தட்டில் கை வைத்த பிறகு, ஒரு சேதியை எடுத்து எனக்குச் சொல்லுவார், ஒரே ஒரு ஊர்ல ஒரு எலக்ட்ரான் இருந்துச்சாம் மாப்ளே என்று ஆரம்பித்து, நான் எங்கே தடுக்கி விழுகிறேன் என்று பார்ப்பார். நான் விழுகிற இடம்தான் கட்டுரை தொடங்குகிற இடம். விழாவிட்டால் முகம் வாடிவிடும், இன்னைக்கு ஒனக்குப் புரிஞ்சிருச்சா என்று வருத்தமாகக் கேட்பார், அக்கா குழம்பை ஊற்றிக்கொண்டே என்னைப் பார்ப்பாள். அதனால் விழக் கற்றுக்கொண்டேன். விழுந்து விழுந்து, இப்போதெல்லாம் எது நிஜமாக விழுந்தது, எது விழுந்துகொடுத்தது என்று எனக்கே தெரிவதில்லை, நிஜமாகவே மடையனோ என்னவோ, மடையனுக்கு அது எப்படித் தெரியும். கோபப்பட்டால் ஆகாது. ஒரே ஒரு தடவை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மாடிக்குப் போனதற்கு அக்கா பின்னாலேயே ஏறி வந்து, கேலியைக்கூடத் தாங்காத ஆம்பளை என்ன ஆம்பளை, அவர் ஒன்னை வச்சுப் பேர் வாங்குறார்னா ஒனக்குத்தானே பெருமை என்றாள். அப்புறம் சாம்பல். இல்லை, சாம்பல் வேண்டாம். பொற்கொடியின் காதில் சின்னக் கம்மல், கல் ஒன்று இல்லாத கம்மல், அல்லது வெளிச்சம் அந்தப் பக்கம் படவில்லை. பேச்சைக் கவனி. கடிகாரம் முடிந்துவிட்டது, ரயில் வந்திருக்கிறது, ரயிலில் யாரோ டார்ச் அடிக்கிறார்கள், ரயில் எவ்வளவு வேகமாகப் போனாலும் அந்த வெளிச்சத்தின் வேகம் கூடாதாம், நடைமேடையில் நிற்கிறவனுக்கும் உள்ளே இருக்கிறவனுக்கும் ஒரே வேகமாம், அதற்கு வேண்டித்தான் காலம் வளைந்து கொடுக்கிறதாம். ஒன்று விறைப்பாக நிற்க வேண்டும் என்றால் இன்னொன்று வளைந்து கொடுத்துத்தான் ஆகவேண்டும். சரிதான். இது எனக்குப் புரிகிறது. அத்தானிடம் சொல்லமாட்டேன்.

சாம்பல் சூடாக இருந்தது. அதைத்தான் கேட்டேன், வேறு ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவை எரித்துப் பால் தெளிக்கப் போன அன்றைக்கு, எலும்பு பொறுக்கச் சொல்லி வெட்டியான் இடம் காட்டியபோது, கையை விட்டேன், மேலே ஆறியிருந்தது, உள்ளே சூடு. காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்ட மாதிரி அவ்வளவுதான் சூடு. அத்தான் பின்னால் நின்றார். நான் திரும்பாமல், இந்தச் சூடு எங்க போகும் அத்தான் என்று கேட்டேன். அவர் குத்துக்காலிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார், வெள்ளை வேட்டி கரியாவதைப் பார்க்காமல் உட்கார்ந்தார், என் முதுகில் கை வைத்து, மெதுவாக, "எங்கயும் போகாது மாப்ளே. பரவும். இதுவரைக்கும் ஒரு எடத்துல கூட்டமா இருந்துச்சு. இனிமே காத்துல, மண்ணுல, ஒன் கையில, ஊரு பூராவும் பிரிஞ்சு போயிரும். அழியாது. ஆனா மறுபடி அத யாராலயும் ஒண்ணு கூட்ட முடியாது" என்றார். எனக்கு யாரும் அப்படி ஆறுதல் சொன்னதில்லை. அந்த இடத்தில் அவருக்காக உயிரை விட்டிருப்பேன். அடுத்த வாரம் எடைமேடையில் ஒரு சிமெண்டு லாரி டிரைவர், எடை விழுகிற வரைக்கும் பொழுது போகவேண்டுமே என்று பத்திரிகையை விரித்து சத்தமாகப் படித்தான். பூசணி டீக்கடையில் உட்கார்ந்து பேச்சு சுவாரசியத்தில் டீயை ஆறவிட்டுவிட்டு, டம்ளருக்குள் விரலை விட்டுப் பார்த்து, என் சூட்டை எவன்யா எடுத்தான் என்று கடைக்காரன் சட்டையைப் பிடிக்கிறான். சார் வந்து விலக்கிவிட்டு, எங்கயும் போகாது, பரவும், என்கிறார். ஊரு பூராவும் பிரிஞ்சு போயிரும் என்கிறார். மறுபடி அதை யாராலும் ஒன்று கூட்ட முடியாது என்கிறார். ஒரு சொல் மாறவில்லை. டம்ளருக்குள் விரல். டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், பாருங்கண்ணே இந்தப் பயலை என்று என்னிடம் நீட்டினான், நான் வாங்கிப் பார்த்துச் சிரித்தேன், நன்றாகத்தான் இருந்தது, அவர் எழுதியதிலேயே அதுதான் நல்ல கட்டுரை, எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், இந்தப் புத்தகத்திலும் அதுதான் முதலில் இருக்கிறது. திரும்பத் திரும்ப அந்த இடத்துக்கு வந்துவிடுகிறேன். விரல், டம்ளர். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிட உட்கார்ந்ததும் அக்கா குழம்பை ஊற்றிக்கொண்டே, அம்மாவுக்குக் கேலின்னா ரொம்பப் பிடிக்கும் என்றாள்.

இப்போது மேடையில் அத்தான் செத்துக்கொண்டிருக்கிறார். இதை நான் முதலில் கவனிக்கவில்லை, பூசணியின் பெயரைச் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததில் மற்றவர்களைப் பார்க்கவில்லை. நான்காவது வரிசையில் ஒருவர் செல்போனில் விரலை ஓட்டுகிறார். இரண்டு பேர் குனிந்து செருப்பைத் தேடுகிற மாதிரி எழுந்து போய்விட்டார்கள். பதிப்பாளர் மேடையில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்து கூரையில் பல்லியைத் தேடுகிறார். அத்தானின் கைக்குட்டை கழுத்துக்குப் போய்ப் போய் வருகிறது. பூசணி இல்லாமல் அவருக்கு வாக்கியம் நிற்கவில்லை, ஒவ்வொரு வாக்கியத்தையும் முடிக்கிற இடத்தில் சாய்ந்துகொள்ளத் தூணைத் தேடுகிறார், தூண் இங்கே உட்கார்ந்திருக்கிறது, தூண் அசையாது. எவ்வளவு நன்றாக இருக்கிறது. சாகட்டும். மெதுவாகச் சாகட்டும், மூச்சு முட்டி, எல்லோரும் பார்க்க, நகம் பார்க்கிற பொற்கொடிகூட நிமிர்ந்து பார்க்க. என் வயிற்றில் வெதுவெதுவென்று ஒரு சுகம் பரவுகிறது, பரவும், எங்கயும் போகாது. மியூவான் என்கிறார். மேலே, விமானம் போகிற உயரத்துக்கும் மேலே காற்றில் பிறக்கிற ஒரு துகள், அதற்கு ஆயுசு ரொம்பக் கம்மி, வெளிச்ச வேகத்தில் ஓடி வந்தாலும் நம்ம பஸ் ஸ்டாண்டிலிருந்து ரெண்டு தெரு தாண்டறதுக்குள்ள செத்துப்போகணும், தரைக்கு வரவே முடியாது, ஆனா வருது. உள்ளங்கைய நீட்டுங்க, என்கிறார், இப்ப உங்க கை வழியா நொடிக்கு ஒண்ணு போயிட்டிருக்கு. யாரும் நீட்டவில்லை. வேலாயுதம் மட்டும், பாவம், அந்த மரப்பட்டைக் கையை மடியில் லேசாக விரித்து வைத்தார். வேகமாப் போறதுனால அதோட காலம் மெதுவாயிடுது, நம்ம கணக்குல அது நிறைய நேரம் வாழுது. ஆனா அது கணக்குல பாத்தா, என்று அத்தான் சொல்லி, பாத்தா, என்று மறுபடி சொல்லி, தாளைப் புரட்டி, மைக் கீச்சென்று கத்தி, நின்றுவிட்டார். நின்றே விட்டார். அது கணக்கில் பார்த்தால் ஆகாயமே மடிந்து ஒரு தெருவளவு ஆகிவிடும், அதுதான் அடுத்தது, எனக்குத் தெரியும், போன செவ்வாய்க்கிழமை ரசம் சாதத்தில் சொன்னார், சொல்லும்போது கண் கலங்கியது அவருக்கு, அவ்வளவு அழகு மாப்ளே என்றார். மறந்துவிட்டாரா, இல்லை, சொன்னாலும் யாருக்கும் வேண்டாம் என்று தெரிந்துவிட்டதா. வேலாயுதம் விரித்த கையை மூடிக்கொண்டு, ஏமாற்றமாக, எனக்குச் சொல்வதுபோலவும் தனக்குச் சொல்வதுபோலவும் முனகுகிறார்: "பூசணி இருந்தா இந்நேரம் கேட்டிருப்பான்." அதற்குப் பின்னால், குரலை இன்னும் தணித்து, "சரி, சீக்கிரம் முடிஞ்சா நல்லதுதான். வீட்டுக்குப் போய் நல்ல விஷயத்தப் பேசிருவோம் தம்பி." அவ்வளவுதான். முடிந்துவிட்டது. நல்ல விஷயம் என்று சொல்லிவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், எடைமேடையில் லாரி நிற்கிற மாதிரி, எஞ்சினை அணைத்துவிட்டு, ஒன்றும் செய்யாமல், எடை தானாக விழும்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். முன்வரிசையிலிருந்து, பட்டுப் புடவை சரசரக்க, உடம்பைப் பாதி திருப்பி, தலைகளுக்கு நடுவில் தேடி, தூணுக்குப் பக்கத்தில் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். சாப்பாட்டில் பார்ப்பாளே, குழம்புக் கரண்டியோடு, இன்னைக்கு ஒனக்குப் புரிஞ்சிருச்சா என்று அவர் கேட்கும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை. காலையில் இவள்தான் கேட்டாள். இவள்தான் ரவையைக் கிண்டிக்கொண்டே அவனை இழுக்காதீங்க என்றாள். இப்போது இழுக்கிறாள். கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை. பார்க்காதே அக்கா. எனக்கும் ஒரு மாடி வேண்டும் அக்கா, காற்று வரும். அவள் உதடு லேசாக அசைந்தது, தவசி என்று, சத்தம் இல்லாமல். மேடையில் அவள் புருஷன் கைக்குட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கேயும் பார்க்காமல், என்னை மட்டும் பார்க்காமல், சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறார். காப்பாற்றித்தான் சாகப்போகிறார். விரலை மடக்கவில்லை. இந்தத் தடவை அவர் மடக்கவே இல்லை, காலை நீட்டிக்கொண்டு நிற்கிறார், மெட்டி என் கையில் இருக்கிறது. மாட்டேன் என்று நினைத்தேன். மாட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே நாற்காலி கிறீச்சிட்டது, வேலாயுதம் அண்ணாந்து பார்த்தார், நான் நின்றுகொண்டிருந்தேன்.

"சார், எனக்கு ஒரு சந்தேகம்." என் குரல் இல்லை அது. சாப்பாட்டுக் குரல், வாயில் சோறு இருக்கிற குரல். "அந்தத் துகளுக்கு ஆயுசு இவ்வளவுதான்னு யாரு சார் ஜாதகம் எழுதுனது?" ஒரு நொடி ஒன்றும் இல்லை. ஒரு நொடிக்கு உள்ளங்கைக்கு ஒன்று. அப்புறம் பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள், அது முன்னால் ஓடியது, ஹால் திறந்துகொண்டது. செல்போன்காரர் நிமிர்ந்தார், பதிப்பாளர் கன்னத்திலிருந்து கையை எடுத்தார், வேலாயுதம் என் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்து, "கேட்டீங்களே ஒரு கேள்வி, அச்சு அசல் பூசணி" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். அத்தான் முகத்துக்கு ரத்தம் திரும்பி வந்துவிட்டது, பார்த்தேன், தண்ணீர் விட்ட செடி மாதிரி கழுத்து நிமிர்ந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நல்ல கேள்வி, உட்காருங்க என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு. "வந்துட்டான்யா" என்றார். "இன்னைக்கு வராதடான்னு சொல்லி வச்சிருந்தேன், கேக்கலை பாருங்க. எல்லாரும் பூசணி கற்பனைன்னு நெனச்சுக்கிட்டிருக்கீங்க. நல்லாப் பாத்துக்கங்க. இவன்தான். என் சொந்த மச்சினன்." நாற்காலிகள் திரும்பின, எல்லாம் என் பக்கம், கைதட்டல், யாரோ விசில், உட்காராதீங்க நில்லுங்க நில்லுங்க என்று ஒருத்தர் போட்டோ எடுத்தார். வேலாயுதத்தின் கை என் தொடைக்குப் பக்கத்தில் காற்றில் நின்றது. அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். சிரிப்பு அவர் முகத்தில் இன்னும் இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தார். நான் கடந்து போவதற்கு வழி விடுகிறவர்போல் முழங்காலை அந்தப் பக்கம் ஒதுக்கிக்கொண்டார். அத்தான் இப்போது பேசுகிறார், என்ன அருமையாகப் பேசுகிறார், ஜாதகம் ஒவ்வொருத்தனுக்கும் எழுத முடியாது மாப்ளே, கூட்டத்துக்குத்தான் எழுத முடியும், இதுல ஒண்ணு எப்ப சாகும்னு எந்தக் கொம்பனாலயும் சொல்ல முடியாது, ஆனா ஆயிரம் நின்னா எவ்வளவு நேரத்துல பாதி சாகும்னு துல்லியமாச் சொல்லலாம், ஆய்வுக்கூடத்துல நிறுத்தி வச்சுப் பார்த்திருக்காங்க. இப்ப அது கணக்குல பாருங்க, அது ஓடலை, ஆகாயம் பூராவும் மடிஞ்சு ஒரு தெருவா ஆகி அதுகிட்ட வருது, என்கிறார், ஹால் மூச்சுப் பிடித்துக் கேட்கிறது, எல்லோரும் உள்ளங்கையை விரித்து வைத்திருக்கிறார்கள். நடைக்கு அந்தப் பக்கம் கொழுந்தியாள் ஏதோ காதில் சொல்ல, பொற்கொடி என்னைப் பார்த்தாள். முதல் தடவையாக முழுதாகப் பார்த்தாள், தலையிலிருந்து வயிறு வரை, பிறகு சிரித்தாள். பல் தெரிந்தது. சத்தம் வந்தது. கையால் மறைக்கப் பார்த்து, முடியாமல், முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, இருந்தும் முடியாமல் சிரித்தாள். நல்ல சிரிப்பு. இப்படி ஒரு சிரிப்பு இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அத்தான் ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு, சாய்வதற்கு இடம் தேடி, இந்தத் தடவை நேராக என்னைப் பார்த்தார். இரும்பு லேசாக அமுங்கியது.

"அப்போ சார்," என்றேன். "அதுக்குக் கல்யாணம் காட்சி?"

கூரை பறந்தது. அக்கா திரும்பிக்கொண்டுவிட்டாள், முதுகுதான் தெரிகிறது, பச்சைப் பட்டுக்குள் தோள் இரண்டும் குலுங்குகின்றன. வேலாயுதம் குனிந்து செருப்பைத் தேடுகிறார். நான் இன்னும் உட்காரவில்லை. அடுத்த கேள்வி வந்துவிட்டது.